குட்டி வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை

காலை ஐந்தரை மணி. கிள்ளானில் இன்னும் விடியவில்லை. வீட்டு வாசலில் காரின் பின்கதவைத் திறந்துவைத்து, கூண்டு, இரண்டு மடக்கு நாற்காலி, பெரிய தண்ணீர்ப் புட்டி, பழைய துண்டுகள், வேகவைத்து நறுக்கிய கோழி ஈரல் ஒரு டப்பா என்று ஒவ்வொன்றாக ஏற்றினோம். மணியின் கண் ஈரல் டப்பாவை விட்டு நகரவில்லை. மணி எங்கள் வீட்டு லாப்ரடார். மூன்று வயது, மஞ்சள் நிறம். அவனுடைய சான்றிதழில் நாலு சொல் நீளத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கிறது. அதில் முதல் சொல் அவன் பிறந்த கென்னலின் பெயர். அதைச் சொல்லி யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. அம்மா முதல் நாளே “மணி” என்றார். அவனும் திரும்பிப் பார்த்தான். அதோடு சரி.

அன்றைக்கு நாங்கள் ஷா ஆலம் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த நாய்க் கண்காட்சிக்குக் கிளம்பியிருந்தோம். மணியைப் போட்டிக்குப் பதிவு செய்திருந்தேன். ஆனால் பரிசு என் மனத்தில் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் தங்கையும் அவள் மகனும் கூட வருவதுதான் அன்றைய முக்கியமான காரியம். பையனுக்குப் பத்து வயது. சில மாதங்களுக்கு முன் அவர்கள் வீட்டில் ஒரு குட்டி வந்தது. ஒன்பதாம் நாள் செத்துப்போனது. “இன்னொரு குட்டி வேணும்மா” என்று பையன் கேட்க ஆரம்பித்ததும் தங்கை எனக்குப் போன் செய்தாள். “வாங்கலாம். அதுக்கு முன்னால ஒரு நாய் ஷோவுக்கு வா. பர்ஸை வீட்டுல வெச்சிட்டு வா” என்றேன்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் அந்த நேரத்தில் வண்டி குறைவு. ஏழரைக்கெல்லாம் மண்டபத்தில் இருந்தோம். எங்களுக்கு முன்னாலேயே பாதி மண்டபம் நிறைந்திருந்தது.

உள்ளே நுழைந்ததும் காதில் விழுவது குரைப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் காதை அடைப்பது முடி உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சல். மேசை மேசையாக நாய்கள் நிற்கின்றன. ஒரு பெண்மணி பூடிலின் காது முடியைச் சீப்பால் தூக்கி, கத்தரியின் நுனியால் ஒரே ஒரு மயிரை வெட்டுகிறார். பின்னால் நகர்ந்து பார்க்கிறார். மறுபடி வந்து இன்னொன்றை வெட்டுகிறார். ஷிட்ஸு ஒன்றின் முடியைக் காகிதத்தில் சுருட்டி ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள், தரையில் பட்டு அழுக்காகாமல் இருக்க. மருமகன் அதைத் தொடப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். கண்காட்சியில் உரிமையாளரைக் கேட்காமல் எந்த நாயையும் தொடக்கூடாது. அந்த முடியைச் சீவ அவர்கள் நாலு மணிக்கு எழுந்திருப்பார்கள். அதோடு, அறிமுகமில்லாத கை பட்டால் எந்த நாய்க்கும் சங்கடம்தான்.

முதல் வளையத்தில் ராட்வைலர்கள் வந்தன. கயிறு கட்டிய சதுரத்துக்குத்தான் இங்கே வளையம் என்று பெயர். ஓரத்தில் ஒரு மேசை, அதன்மேல் ரிப்பன்கள். இடது கையில் எண் அட்டை கட்டிக்கொண்டு நாயைப் பிடித்து வருபவரை ஹேண்ட்லர் என்கிறார்கள். சிலர் தங்கள் நாயைத் தாங்களே கொண்டுவருவார்கள்; சிலர் கூலி கொடுத்துத் தேர்ந்த ஹேண்ட்லரை வைத்துக்கொள்வார்கள். நடுவர் ஒருவர், அவருக்கு உதவியாளர் ஒருவர். நடுவரிடம் நாயின் பெயரையோ பழைய வெற்றிகளையோ சொல்லக்கூடாது. அவருக்குத் தெரிய வேண்டியது எண்ணும் வயதும் மட்டும்தான்.

நாயை அசையாமல் நிறுத்த வேண்டும். முன்கால்கள் நேராக, பின்கால்கள் சற்றுப் பின்தள்ளி. அந்த நிலையைப் பிடிக்க ஹேண்ட்லர் ஒரு துண்டு ஈரலை நாயின் மூக்குக்கு முன்னால் காட்டிக்கொண்டே இருப்பார். நடுவர் சுற்றி வருகிறார். குனிந்து வாயைத் திறந்து பல் பார்க்கிறார். வளர்ந்த நாய்க்கு 42 பல் இருக்க வேண்டும். மேல்வரிசை கீழ்வரிசையைக் கத்தரிக்கோல் போல மூடிக்கொள்ள வேண்டும். பிறகு தோளிலிருந்து முதுகு வழியாக இரண்டு கையாலும் தடவிக்கொண்டே போகிறார். எலும்பு எந்தக் கோணத்தில் பொருந்தியிருக்கிறது என்பதைக் கண்ணைவிட விரல்கள் நன்றாகச் சொல்லும். நீண்ட முடி எதையும் மறைத்துவிடும். ஆண் நாய் என்றால் விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார்.

“மாமா, எதுக்கு அதெல்லாம் பாக்குறாங்க?”

அந்தப் பையன் கேட்ட கேள்வியில்தான் கண்காட்சியின் முழு விஷயமும் இருக்கிறது. நாய்க் கண்காட்சியை அழகிப் போட்டி என்று நினைப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் அது அடுத்த தலைமுறைக்குத் தாயாகவும் தகப்பனாகவும் இருக்கத் தகுந்த நாய் எது என்று பார்க்கும் பரீட்சை. அதனால்தான் கருத்தடை செய்த நாய்க்கு முக்கியப் பிரிவுகளில் இடமில்லை. எதிரே நிற்கும் நாயோடு ஒப்பிட்டு மட்டும் நடுவர் முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் எழுதிவைத்த ஓர் இலக்கணம் உண்டு: உயரம், முடி, வால், நடை, சுபாவம் எல்லாம் அதில் இருக்கும். லாப்ரடார் ஆண் நாய்க்கு 56-57 சென்டிமீட்டர் உயரம். நீர்நாய்க்கு இருப்பதுபோல அடிபருத்து நுனி சிறுத்த வால். தண்ணீர் உள்ளே இறங்காத இரட்டை முடி. நியூஃபவுண்ட்லாந்தின் குளிர்ந்த கடலில் மீனவர்களோடு வேலை செய்த நாயின் வழிவந்த இனம் அது. வாலைப் பார்ப்பது நீச்சலைப் பார்ப்பதற்காகத்தான்.

அப்புறம் நடை. முக்கோணமாக ஒரு சுற்று, நேராகப் போய்த் திரும்பி வருவது ஒன்று. நின்றிருக்கும்போது தெரியாத குறை ஓடும்போது தெரிந்துவிடும். முட்டி உள்ளே மடங்குவது, இடுப்பு ஆடுவது, ஒரு காலில் பாரம் குறைவாக வைப்பது எல்லாம் அந்த அரை நிமிடத்தில் வெளியே வந்துவிடும். ராட்வைலர் வளையத்தில் ஓரத்தில் நின்று பாருங்கள். தலையை நிமிர்த்தி, மண் அதிராமல் ஐம்பது கிலோ உடம்பு மிதந்துபோவதைப் பார்த்தால் அந்த இனத்தின்மேல் இருக்கும் பயம் போய் மரியாதை வரும்.

இந்தப் பரீட்சைக்கு நீண்ட வரலாறு உண்டு. உலகின் முதல் நவீன நாய்க் கண்காட்சி என்று சொல்லப்படுவது 1859 ஜூனில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்தது. சுமார் அறுபது நாய்கள், இரண்டே வகை: பாயிண்டர், செட்டர். இரண்டும் வேட்டை நாய்கள் என்பதால் பரிசாகத் துப்பாக்கி கொடுத்தார்கள். செட்டர்களுக்கு நடுவராக இருந்தவரின் நாய் பாயிண்டர் பிரிவில் வென்றது. பாயிண்டர் நடுவரின் நாய் செட்டர் பிரிவில் வென்றது. இப்படியிருந்தால் யார் நம்புவார்கள்? விதி வேண்டும், பதிவேடு வேண்டும், யாருக்கும் வேண்டாதவராகவும் வேண்டியவராகவும் இல்லாத நடுவர் வேண்டும் என்ற தேவையில்தான் 1873இல் லண்டனில் கென்னல் கிளப் பிறந்தது. 1911இல் ஐரோப்பாவில் ஐந்து நாடுகள் சேர்ந்து எஃப்.சி.ஐ. என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பைத் தொடங்கின. இன்று பெல்ஜியத்தைத் தலைமையகமாகக் கொண்டு, 350க்கும் மேற்பட்ட இனங்களைப் பத்துக் குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. நம் நாட்டில் 1925இல் தொடங்கிய மலாயாக் கென்னல் சங்கம்தான் இன்றைய மலேசியக் கென்னல் சங்கம். எல்லாரும் எம்.கே.ஏ. என்றுதான் சொல்கிறோம். எஃப்.சி.ஐ.யோடு இணைந்தது. நூறு வருடப் பழக்கம் இது.

அந்த நூறு வருடத்தின் முதல் பாதியில் நம்மவர்கள் எங்கே இருந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். தோட்டத்தில் துரை பங்களாவில்தான் சாதி நாய் இருக்கும். எங்கள் தாத்தா கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பங்களா வேலைக்காரர். துரையின் அல்சேஷனைக் குளிப்பாட்டியது அவர், உண்ணி எடுத்தது அவர், சாயங்காலம் நடக்கக் கூட்டிப்போனது அவர். இடியோ மழையோ வந்தால் நாய் துரையிடம் போகாது, சமையற்கட்டுக்கு ஓடிவந்து தாத்தாவின் காலடியில் படுத்துக்கொள்ளும் என்று பாட்டி சொல்வார். லயத்து வீடுகளில் இருந்தவை கம்பத்து நாய்கள். அவற்றுக்குச் சான்றிதழும் இல்லை, சங்கிலியும் இல்லை. நாயை நமக்கு நன்றாகத் தெரியும். பதிவேட்டில் மட்டும் நம் பெயர் இருந்ததில்லை.

இன்று ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் வளையங்களின் ஓரத்தில் நின்றால் தமிழ் தாராளமாகக் காதில் விழுகிறது. கண்காட்சிப் புத்தகத்தில் உரிமையாளர் பெயர்களைப் புரட்டினால் நம் பெயர்கள் இருக்கின்றன. அது எனக்குப் பெருமைதான்.

மண்டபத்தின் பின்பக்கம் ராட்வைலர் பெட்டை ஒன்றோடு உட்கார்ந்திருந்தார் கிள்ளான்காரர் ஒருவர். லாரி ஓட்டுபவர்; பதினைந்து வருடமாக நாய் வளர்க்கிறார். தங்கை தயங்கித் தயங்கிப் பேச்சுக் கொடுத்தாள்.

“அண்ணே, குட்டி இருக்கா உங்ககிட்ட?”

“இப்ப இல்லைம்மா. இவ ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் போடுவா. அதுவும் இடுப்பு எக்ஸ்ரே நல்லா வந்ததுக்கு அப்புறம்தான் சேர்த்தேன். உங்களுக்கு எதுக்கு ராட்வைலர்? எந்த வீடு? எத்தனை பேரு? பகல்ல யார் இருப்பா?”

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். போன தடவை குட்டி விற்றவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: பணம் ரொக்கமா, பேங்க்ல போடுறீங்களா?

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் படம் பார்த்தார்கள். ஒரு கடைவீட்டுக்குப் போனார்கள். கீழேயே நிற்கச் சொல்லிவிட்டு ஒரு பெட்டியில் குட்டியைக் கொண்டுவந்து காட்டினார்கள். தாய் எங்கே என்று கேட்டதற்கு “வேற இடத்துல இருக்கு” என்றார்கள். எட்டு வாரம் என்றார்கள். பார்த்தால் ஆறுகூட இருக்காது. “எம்.கே.ஏ. சர்ட் இருக்கா?” என்று தங்கையின் கணவர் கேட்டார். அது இங்கே எல்லாரும் கேட்கும் கேள்வி. “வரும், வரும்” என்றார்கள். ஐந்தாம் நாள் வாந்தி. ஆறாம் நாள் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. பார்வோ வைரஸ் என்று மருத்துவர் பார்த்த உடனே சொன்னார். குளுக்கோஸ் ஏற்றி மூன்று நாள் போராடினார்கள். பையன் அந்தக் குட்டிக்குப் பெயர்கூட வைத்துப் பழகவில்லை; இரண்டு பெயரில் எது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

பார்வோ உடம்பில் புகுந்து வெளியே தெரிய மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். அந்தக் குட்டி அநேகமாக விற்பவர் கையிலேயே நோயை வாங்கிக்கொண்டு வந்திருக்கும். தாய்ப்பாலின் எதிர்ப்புச் சக்தி குறையும் நேரம் பார்த்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, அப்புறம் மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டும். பல தாய்களின் குட்டிகளை ஒரே அறையில் கலந்து வைத்தால் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் போகும். நாய் விற்ற காசு குரைக்காது என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அந்தத் தைரியத்தில்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

சான்றிதழ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எம்.கே.ஏ. சர்ட் என்பது வம்சாவளிப் பத்திரம். தாய் யார், தகப்பன் யார், பாட்டன் பூட்டன் யார் என்று அது சொல்லும். குட்டி ஆரோக்கியமானது என்று அது சொல்வதில்லை. பெரிய இன நாய்களுக்கு இடுப்பு மூட்டு தளர்ந்துபோகும் நோய் பரம்பரையாக வரும், எஃப்.சி.ஐ. முறையில் எக்ஸ்ரே பார்த்து ஏ முதல் ஈ வரை தரம் போடுகிறார்கள். ஏ என்றால் குறையில்லை, ஈ என்றால் மோசம். டாபர்மேனுக்கு இதயத் தசை பலவீனமாகி இதயம் விரிந்துபோகும் நோய். சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு “தாய்க்கும் தகப்பனுக்கும் என்ன பரிசோதனை செஞ்சீங்க?” என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். அந்த லாரிக்காரரைப் போன்றவர்கள் அதைக் கேட்டால் முகம் மலர்ந்து அறிக்கைகளையே எடுத்து நீட்டுவார்கள். மற்றவர்கள் பேச்சை மாற்றுவார்கள். இரண்டு முகத்துக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள கண்காட்சியைவிட நல்ல இடம் இல்லை.

கண்காட்சி உலகத்தில் தப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பக் இன நாய்களின் வளையத்தின் அருகே நின்றபோது எனக்கு மனம் கனத்தது. குளிர்சாதன மண்டபத்திலேயே அவற்றின் மூச்சு கரகரவென்று கேட்கிறது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். மூக்கை நசுக்கி முகத்தைத் தட்டையாக்கிய இனங்களுக்கு அந்த வழியே குறுகிப்போயிருக்கிறது. நம் ஊரில் பகல் 33 டிகிரி, காற்றில் ஈரம் வேறு. தட்டை முகம் அழகு என்று நடுவர்களும் வாங்குபவர்களும் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததன் விளைவு அது. 2008இல் பி.பி.சி. இந்தப் பரம்பரை நோய்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை ஒளிபரப்புவதையே நிறுத்திக்கொண்டது. 2012 கிரஃப்ட்ஸில் இனத்தில் முதலாவதாக வந்த பெக்கினீஸும் புல்டாகும் கால்நடை மருத்துவர் பரிசோதனையில் தேறாமல் அடுத்த சுற்றுக்குப் போக முடியவில்லை. நெதர்லாந்தில் மிகவும் தட்டை முகம் கொண்ட நாய்களை இனப்பெருக்கம் செய்யச் சட்டமே தடை போட்டிருக்கிறது. நம் நடுவர்களும் மூச்சு விடச் சிரமப்படும் நாய்க்கு ரிப்பன் கொடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ரிப்பன் எந்தப் பக்கம் போகிறதோ, வளர்ப்பவர்கள் அந்தப் பக்கம்தான் போவார்கள்.

மதியம் ஐந்தாம் குழு வளையத்தில் மருமகன் ஒரு நாயைக் காட்டி, “மாமா, அதோட முதுகுல முடி தலைகீழா வளர்ந்திருக்கு” என்றான். தாய்லாந்து ரிட்ஜ்பேக். முதுகெலும்பு நெடுக ஒரு வரி முடி மட்டும் எதிர்த்திசையில் படிந்திருக்கும். தாய்லாந்துக் கிராமங்களில் வண்டிக்குக் காவலாகவும் வேட்டைக்கும் இருந்த நாய். அந்நாட்டுக்காரர்கள் அதைப் பதிவு செய்து, வம்சம் எழுதி, எஃப்.சி.ஐ. ஏட்டில் ஏற்றிவிட்டார்கள். பாலித் தீவின் கிந்தாமணி நாய்க்கு 2019இல் தற்காலிக அங்கீகாரம் கிடைத்தது. தைவான் நாயும் கொரியாவின் ஜிண்டோவும் அந்த ஏட்டில் இருக்கின்றன.

நம் நாட்டு நாய் எங்கே? இருந்தது. பகாங்கின் தெலோம் ஆற்றோரத்து ஓராங் அஸ்லி மக்களிடம் ஒரு சிறிய நாய் இனம் இருந்தது; தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய வீடுகளில் ஏணியேறும் நாய் என்று பெயர் பெற்றது. 1963இல் ஆர்வில் எலியட் என்ற மானிடவியலாளர் ஒரு சோடியை அமெரிக்காவுக்கு அனுப்பினார். ஆற்றின் பெயரால் தெலோமியன் என்று பெயர் வைத்து, நாய்களின் நடத்தை பற்றிய ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார்கள். அங்கே அதற்கு ஒரு சங்கம்கூட இருந்தது. இங்கே அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

தமிழ்நாட்டு நாய்களின் நிலை இவ்வளவு மோசமில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றைச் சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப்பின் கண்காட்சிகளில் பார்க்கலாம். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம். எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் இந்திய நாய் இனங்களைப் பற்றி 2017இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஆனாலும் எஃப்.சி.ஐ. ஏட்டில் அவற்றுக்கு இன்னும் இடமில்லை. ஆகவே கோலாலம்பூர் வளையத்தில் ஒரு சிப்பிப்பாறையை நீங்கள் பார்க்க முடியாது. நம் சங்க நூல்களிலேயே ஞமலி என்றும் ஞாளி என்றும் நாய்க்குப் பெயர்கள் இருக்கின்றன. அவ்வளவு பழைய உறவு. “ராஜபாளையம் இறக்குமதி பண்ணலாமா?” என்று நம் இளைஞர்கள் சிலர் என்னைக் கேட்பதுண்டு. ஆசையைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அந்த இனத்தில் காது கேளாமை அதிகம். வெள்ளை முடிக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. ஒன்றிரண்டைக் கொண்டுவந்து அவற்றுக்குள்ளேயே பெருக்கினால் அந்தக் குறைதான் பெருகும். இனத்தைக் காப்பது ராஜபாளையத்திலேயே நடக்க வேண்டிய வேலை.

இந்த நாட்டில் நாய் வளர்ப்பவருக்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும், அக்கம்பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். கால்நடைச் சேவை இலாகா பிட்புல், ஜப்பானிய டோசா, அகிதா, டோகோ அர்ஜென்டினோ போன்றவற்றின் இறக்குமதியைத் தடை செய்திருக்கிறது. ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், புல் டெரியர் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. ஊராட்சி மன்றத்தில் ஒவ்வொரு நாய்க்கும் உரிமம் எடுக்க வேண்டும். எந்த வகை வீட்டில் எத்தனை நாய் என்பதற்கு ஒவ்வொரு மன்றமும் தனித்தனி விதி வைத்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வெயிலில் நாள்முழுக்கக் கட்டிப்போட்டு வைப்பதும் கொடுமைதான்.

சட்டத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது. எங்கள் வரிசையில் இரண்டு மலாய்க் குடும்பங்கள். சாயங்காலம் அவர்கள் தொழுகைக்குப் போகும் நேரத்தில் மணியை வெளியே கொண்டுபோவதில்லை. அவன் அவர்கள் வாசல் பக்கம் போகாமல் கயிற்றைக் குட்டையாகப் பிடிப்பேன். பக்கத்து வீட்டு அப்துல்லா அங்கிள் — அது அவருடைய உண்மைப் பெயரில்லை — கதவைத் திறந்து வைத்திருக்கும் நாளில் எனக்கு முன்கூட்டியே குரல் கொடுப்பார். பன்னிரண்டு வருடமாக ஒரு மனஸ்தாபமும் வந்ததில்லை. பொதுப் பூங்கா பலவற்றில் நாய்க்கு அனுமதி கிடையாது. அதற்காகக் கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. நாய்க்கு நல்ல பழக்கம் கற்றுக்கொடுத்தால், அடுத்த பூங்காவின் கதவு எப்போதாவது திறக்கும். கண்காட்சிகள் அதற்கும் உதவுகின்றன: நூற்றுக்கணக்கான நாய்கள் ஒரு கூரைக்கு அடியில் சண்டையில்லாமல் ஒரு நாள் முழுக்க இருக்க முடியும் என்பதை அங்கே யாரும் கண்ணால் பார்க்கலாம்.

மணியின் முறை இரண்டரை மணிக்கு வந்தது. ஓப்பன் பிரிவில் நாலு நாய்கள். நான்தான் பிடித்தேன். முதல் சுற்று நன்றாகவே ஓடினான். நடுவர் பல் பார்த்தார், தோள் பார்த்தார். விலா எலும்பைத் தேடி விரலை அழுத்தினார். அங்கே கை கொஞ்ச நேரம் நின்றது. கடைசியில் அவனுக்கு நாலாம் இடம். “நல்ல தலை, நல்ல சுபாவம். எடை அதிகம்” என்று சொல்லிவிட்டு அவன் காதைத் தடவிக் கொடுத்தார். லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு வயிறு நிறைந்தது என்று உணராத ஒரு மரபணு மாற்றம் இருப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மணிக்கு அது இருக்கிறதோ இல்லையோ, அம்மா காலையில் ரொட்டி சானாயும் ராத்திரி தயிர்ச்சோறும் கொடுப்பது உண்மை. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் நடுவர் சொன்னதை அப்படியே சொன்னேன். மறுநாளிலிருந்து ரொட்டி சானாய் நின்றது. இரண்டு மாதத்தில் மூன்று கிலோ இறங்கியிருக்கிறான்; மாடிப்படி ஏறும்போது இப்போது மூச்சிரைப்பதில்லை. ரிப்பன் இல்லாமல் வந்தாலும் அந்த ஒரு சொல் அவன் ஆயுளில் சில வருடத்தைக் கூட்டியிருக்கும்.

தங்கை இன்னும் குட்டி வாங்கவில்லை. அன்றைக்கு மண்டபத்தில் ஆறு வளர்ப்பாளர்களிடம் பேசினாள். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்கு ராட்வைலர் சரிப்படாது என்று அந்த லாரிக்காரரே சொல்லிவிட்டார். பையன் இப்போது அம்பாங்கில் இருக்கும் எஸ்.பி.சி.ஏ. விலங்குக் காப்பகத்துக்குப் போய் ஒரு கம்பத்து நாயைத் தத்தெடுக்கலாம் என்கிறான். அடுக்குமாடி நிர்வாகம் என்ன சொல்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

குட்டி வாங்க நினைக்கும் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். எம்.கே.ஏ. அலுவலகம் கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் இருக்கிறது. அடுத்த கண்காட்சி எப்போது, எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் நாய்களைத் தயார்படுத்துவதைப் பார்க்கலாம். போட்டிக்குப் பதிவு செய்யாத நாயைப் பொதுவாக உள்ளே விடமாட்டார்கள். ஆகவே உங்கள் நாயை வீட்டில் விட்டுப் போங்கள், காரில் வைத்துப் பூட்டிவிட்டு மட்டும் போகாதீர்கள். பிடித்த இனத்தின் வளையம் முடியும்வரை பேசாமல் பாருங்கள். முடிந்த பிறகு உரிமையாளரிடம் போய், தாயைப் பார்க்க வீட்டுக்கு வரலாமா என்று கேளுங்கள். வரலாம் என்பவரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வரக்கூடாது என்பவரிடம் எவ்வளவு அழகான குட்டி இருந்தாலும், என்ன சான்றிதழ் இருந்தாலும் வாங்காதீர்கள்.